தழும்பில்லாத வெள்ளரி

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு என் மகளின் வாயிலிருந்து எச்சில் ஒழுக ஆரம்பித்தது. டிவியில் படம் போட இன்னும் நேரம் இருந்தது. பக்கத்து வீட்டில் முன்னால் இடம் பிடிக்க வேண்டும் என்று அவள் அதற்குள் பாவாடை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "அம்மா, எச்சி வந்துகிட்டே இருக்கு" என்றாள். துடைத்துவிட்டேன். மறுபடியும் வந்தது. நெற்றியும் கழுத்தும் நனைந்திருந்தன. மே மாத வெயில், வியர்க்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். அப்புறம் வாந்தி எடுத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது அவள் கண்மணிகள் கடுகுபோல் சுருங்கியிருந்தன.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனி இல்லை என்று நாங்கள் ஒதுக்கிவிட்ட பிறகு பிறந்தவள் அவள். அவளுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட நான் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகப்படுவேன். அன்றும் முதலில் பாலைச் சந்தேகப்பட்டேன். பிறகு தண்ணீர்ப் பானையில் பல்லி விழுந்திருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன். வெள்ளரிப்பிஞ்சு நினைவுக்கு வந்தது அதற்கு அப்புறம்தான்.

என் கணவருக்கு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்களைச் சுற்றி அப்போது மூன்று விதமான பயிர் இருந்தது. மூன்றின்மேலும் எனக்குத் தனித்தனியாகச் சந்தேகம்.

பின்பக்கச் சுவரைத் தாண்டினால் ஒரு கீரைத் தோட்டம். எங்கள் வீடுகளின் சாக்கடையை வாய்க்கால் வெட்டித் திருப்பியிருந்தார் அதன் சொந்தக்காரர். உரம் வாங்கும் செலவு அவருக்கு இல்லை, கோடையிலும் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை. "நாம குளிக்கிறத நிறுத்தினாத்தான் அவரு கீரை வாடும்" என்பார் என் கணவர். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும். அந்த அகலமே எனக்குப் பயமாக இருந்தது. அதை நான் வாங்கியதில்லை.

பருத்திப்பட்டுப் போகும் வழியில் கிணறும் மோட்டாரும் வைத்த தோட்டம் ஒன்று. கத்தரி, வெண்டை, பந்தலில் ஏற்றிய வெள்ளரி என்று வருஷம் முழுக்கக் காய்த்தது. ஒரு காயில் ஓட்டை பார்க்க முடியாது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் அங்கே ஒருவர் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பதை பஸ்ஸிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். துண்டால் மூக்கை இறுக்கிக் கட்டியிருப்பார். அவர் மூக்கை மூடிக்கொண்டு விளைவிப்பதை நாம் வாயைத் திறந்து தின்பதா?

மூன்றாவது ஏரிப் பயிர். கோடையில் ஏரி வற்றும்போது, தண்ணீர் பின்வாங்கிய ஈர மண்ணில் விதை போடுவார்கள். தண்ணீர் இறைக்க வேண்டாம், உரம் வேண்டாம். வண்டலின் ஈரத்திலேயே கொடி ஓடும். பூச்சி விழுமுன் காய் முற்றிவிடும் என்பதால் மருந்தும் அடிப்பதில்லை. விளைச்சல் கொஞ்சம்தான், அதுவும் இரண்டு மாதம்தான். நிலம் யாருக்கும் பட்டா இல்லை, ஆகவே வருஷா வருஷம் யார் பாத்தி எதுவரை என்று சண்டை. ஒரு பெருமழை வந்தால் எல்லாம் போச்சு. இருந்தாலும் நான் நம்பியது அதை மட்டும்தான். ஏரிக்கரையிலிருந்து கூடை சுமந்து வரும் ஒருத்தியிடம் மட்டும் வாங்குவேன். அவள் தன் பாத்தியில் விளைந்ததைத் தானே விற்பவள்.

அந்த ஞாயிறு மதியமும் அவள் வந்தாள். இரண்டு நாள் முன்னால் கோடை மழை கொட்டியிருந்தது. நான் கூடையைக் கிளறினேன்.

"இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்த மாமியார் கணக்கா ஒண்ணொண்ணா திருப்பிப் பாக்குற? மூக்கும் முழியும் சரியா கீதா?"

"மழை அப்படிப் பெஞ்சுதே, உங்க பாத்தியில தண்ணி ஏறலையா?"

"நம்ம பாத்தி மோட்டுல கீதுக்கா. தண்ணி அண்டாது."

ஏரிப் பிஞ்சு தரையில் கிடந்து வளர்வது. மண்ணில் படிந்திருந்த இடத்தில், வயிற்றுப் பக்கம், மஞ்சளாக ஒரு தழும்பு இருக்கும். உடம்பு கோணியிருக்கும். அன்றைய பிஞ்சுகள் ஒரே நீளம், ஒரே பச்சை. எதிலும் தழும்பைக் காணோம்.

"இது என்ன, இன்னிக்கு எல்லாம் நேரா இருக்கு?"

"கோணலா இருந்தா அதுக்கும் திட்டுவே, நேரா இருந்தா அதுக்கும் திட்டுவே. உன் ஊட்டுக்காரர் எப்படித்தான் காலம் தள்றாரோ!"

என் மகள் சிரித்தாள். அவளுக்கு இவள்மேல் பிரியம். "இந்தா கண்ணு, நீ துன்னு" என்று அவள் ஒரு பிஞ்சை நீட்ட, நான் வாங்கிக் கழுவுவதற்குள் குழந்தை பாதியைக் கடித்துவிட்டது. எப்போதும் தானும் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொள்கிறவள் அன்று போட்டுக்கொள்ளவில்லை. அது எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கணவர் சைக்கிளில் பின்னால் வந்தார். டாக்டர் அவள் இமையை விலக்கிப் பார்த்தார். தொடைச் சதை தானாகத் துடிப்பதையும் பார்த்தார்.

"பூச்சி மருந்து மாதிரி இருக்கு. என்ன சாப்பிட்டா?"

சொன்னேன்.

"ஒரு ஊசி ஆரம்பிச்சிட்டேன். இன்னொன்னு போடணுமா வேண்டாமான்னு, அடிச்சது எந்த மருந்துன்னு தெரிஞ்சா நல்லது. டப்பாவோ பாட்டிலோ எதாவது கிடைக்குமா?"

என் கணவர் ஏரிக்கரைக்கு சைக்கிளை மிதித்தார். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் வீடு பூட்டியிருந்ததாம். விஷயத்தைச் சொன்னதும், பக்கத்துக் குடிசைக்காரர், "குவார்ட்டர்ஸாண்ட இருந்து வந்தவரு ஒருத்தரு, அங்க ஒரு கொயந்த வெள்ளரி துன்னு முடியாம ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னு இப்பத்தான் சொன்னாரு. அதக் கேட்டதும் கூடையத் தூக்கிகினு ஓடிச்சு. எங்கன்னு தெரியல நைனா" என்றாராம்.

"அப்புறம் பாத்தி?" என்று கேட்டேன்.

"பாத்தி எங்க இருக்கு? ஏரி உள்ள முழுக்கத் தண்ணி. கொடி நுனிகூடத் தெரியல."

பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த பக்கத்து வீட்டம்மா, "ஓடிட்டா பாருங்க. இனிமே இந்தப் பக்கம் தலையே காட்ட மாட்டா" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. மேடு என்றாளே, தண்ணீர் அண்டாது என்றாளே. எங்கே வாங்கினாள், எதற்காக மறைத்தாள், இப்போது எந்த பஸ் ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உள்ளே குழந்தையின் நெஞ்சு கறகறவென்று சத்தம் போட்டது. நர்ஸ் மறுபடி மறுபடி அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 

விளக்குப் போடும் நேரத்துக்குக் கூடைக்காரி வந்தாள். முழங்கால் வரை சேறு. ஜாக்கெட் கை கிழிந்திருந்தது. இடுப்பில் கூடை, அதற்குள் காய் இல்லை, துணியில் சுற்றிய ஒரு பாட்டில். சிவப்பு முக்கோணம் போட்ட லேபிள் பாதி கிழிந்திருந்தாலும் பெயர் தெரிந்தது.

"மொதல்ல இத டாக்டராண்ட குடு. எந்த மருந்துன்னு கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். மோட்டார் தோட்டத்துக்காரன் தர மாட்டேன்னான். ஷெட்டுல பூந்து எட்த்துகினு வந்தேன். அப்பால என்ன திட்டு, அடி, இன்னா வேணா பண்ணு."

டாக்டர் விளக்கடியில் பாட்டிலைப் பிடித்துப் படித்தார். தலையசைத்தார். இரண்டாவது ஊசி வந்தது. வெகுநேரம் கழித்துத் துடிப்பு அடங்கியது. குழந்தை கண்ணைச் சுழற்றி என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "படம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் வெளியே வந்தேன். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். குழந்தை பேசிவிட்டதைச் சொன்னேன். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன்.

"மருந்தடிச்ச காய்னு உனக்குத் தெரியுமா?"

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஏரிப் பயிருக்கு மருந்து வாணாம்க்கா, ஆனா ஒரு மழைல எல்லாம் பூடும். கூடை காலியா இருந்தா நீ வேற ஆளாண்ட பழகிடுவே. அதான் அவனாண்ட வாங்கியாந்தேன். அவன் மருந்தடிக்கிறது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஆனா இன்னிக்குக் காலைல அடிச்சத அவன் சொல்லல. உன் கொயந்த மேல ஆணையா சொல்லல. நம்புனா நம்பு, இல்லாட்டி வுடு. நான் சொல்றதுக்கு வேற இன்னா கீது?"