பூந்தியோடு போன தேனிலவு: பாண்டிச்சேரியில் மூன்று நாள்

தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் எனக்கும் எழிலுக்கும் கல்யாணம் நடந்தது. பெண் பார்க்கப் போன அன்று அவள் வைத்த ஒரே நிபந்தனை பூந்தி. ஏழு வயது நாட்டு நாய். அதற்கு வலிப்பு நோய் உண்டு. காலை எட்டு மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று என்று தினமும் இரண்டு மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. "அத விட்டுட்டு நான் எங்கயும் தங்க மாட்டேன். உங்களுக்குச் சரியா?" என்று கேட்டாள். நாய் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். அதைச் சொல்லாமல் தலையாட்டிவிட்டேன்.

அதனால் தேனிலவுக்கும் மூன்று பேராகத்தான் கிளம்ப வேண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் கொடைக்கானல் என்றார்கள். மலைப்பாதையில் பூந்திக்கு வாந்தி வரும் என்று எழில் மறுத்துவிட்டாள். திருவண்ணாமலையிலிருந்து பாண்டிச்சேரி சுமார் 105 கிலோமீட்டர், வழி முழுக்கச் சமதளம். பதினோரு விடுதிகளுக்குப் போன் செய்தேன். ஒன்பது பேர் நாய் என்றதுமே முடியாது என்றார்கள். ஒருவர் "என்ன ஜாதி நாய்?" என்று கேட்டார். நாட்டு நாய் என்றதும் போனை வைத்துவிட்டார். பதினோராவதாகக் கிடைத்ததுதான் பிள்ளைச்சாவடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள், மேலே எங்களுக்கு. ஒரு நாளைக்கு 2,800 ரூபாய், நாய்க்குத் தனியாக 300.

வியாழக்கிழமை காலை 11 மணிக்குக் காரில் கிளம்பினோம். செஞ்சி, திண்டிவனம், கோரிமேடு வழி. பூந்திக்காக இரண்டு இடத்தில் நிறுத்தி, 2.20க்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்கார அம்மா விமலாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். அவருடைய அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவராம். ஆலை மூடிய பிறகு கிடைத்த பணத்தில் கட்டிய வீடு என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். பூந்தியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"கட்டிலு மேல ஏறுமா?"

"கொஞ்சம் ஏறும்க்கா," என்றாள் எழில்.

"ஏறினா ஏறட்டும், பெட்ஷீட்டு நான் தொவச்சிக்கறேன். கடலாண்ட மட்டும் தனியா உட்றாதீங்க. இங்க இருக்கற நாயிங்க சேத்துக்காதுங்க."

நாயோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் இந்த அறிவுரையைக் குறித்துக்கொள்ளுங்கள். மீனவர் ஊர் எதுவானாலும் அங்கே இருக்கும் நாய்களுக்குத்தான் அந்த மணல் சொந்தம். நம் நாய் விருந்தாளி. கழுத்துப்பட்டையும் கயிறும் இல்லாமல் இறக்கிவிடக் கூடாது.

மாலை 7.15 இருக்கும். எழில் குளித்துக்கொண்டிருந்தாள். எட்டு மணி மாத்திரையை எடுத்து வைக்கலாம் என்று பையைத் திறந்தேன். மருந்துப் பை இல்லை. காரில் தேடினேன், அங்கும் இல்லை. கிளம்பும் அவசரத்தில் அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "மருந்து என் பொறுப்பு, நீ கவலைப்படாதே" என்று சொன்னவன் நான்.

அங்கே செய்ததுதான் இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தப்பு. குளியலறைக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும். "தண்ணி கேன் வாங்கிட்டு வந்துடறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். இது மனிதர்களுக்கும் கொடுக்கிற வலிப்பு மாத்திரைதான். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், வாங்கிவந்து பையில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். முதல் கடையில் டாக்டர் சீட்டு கேட்டார்கள். இரண்டாவது கடையில் சரக்கு இல்லை. மூன்றாவது கடைக்காரர் கொஞ்சம் இரக்கத்தோடு, "சார், சீட்டு இல்லாம இதக் குடுத்தா என் லைசென்ஸ் போயிடும்," என்றார்.

திரும்பும்போது 8.40. கட்டிலில் எழில் தயிர்சோற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பைகளும் கவிழ்த்துக் கொட்டப்பட்டிருந்தன. உண்மையைச் சொன்னேன்.

"ஏழே காலுக்கே தெரியுமா?"

"ம்."

"நம்ம டாக்டர் எட்டு மணி வரைக்கும் கிளினிக்ல இருப்பார். அப்பவே சொல்லியிருந்தா போன்லயே சீட்டு அனுப்பியிருப்பார். இப்ப போன ஆஃப் பண்ணிட்டார். நாலு தடவ அடிச்சிட்டேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மாத்திரை பொதிக்க வைத்திருந்த தயிர்சோற்றை அப்படியே பூந்திக்கு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை 6.20க்குப் பூந்தியைக் கீழே வாசல் மணலில் இறக்கினோம். நான்கு அடி நடந்தது. அப்படியே நின்றது. பிறகு பக்கவாட்டில் விழுந்தது. கால்கள் நான்கும் விறைத்து வெட்ட ஆரம்பித்தன, வாயில் நுரை. இதற்கு முன் நான் பார்த்ததில்லை. "டைம் பாருங்க, டைம் பாருங்க!" என்று எழில் சொன்னாள். போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தலை கல்லில் இடிக்காமல் என் துண்டை அடியில் தள்ளினாள். சத்தம் கேட்டுத் தெரு நாய்கள் இரண்டு வாசலுக்கு வந்தன. விமலா அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்து அவற்றை விரட்டினார். பிறகு கண்ணில் வெளிச்சம் படாமல் தன் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிடம் நாற்பது நொடி. எனக்கு அது அரைமணி நேரம்.

வலிப்பு நின்றபின் பூந்திக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. எழுந்து சுவரில் முட்டிக்கொண்டது. எழில் அப்போதுதான் அழுதாள்.

"அழுதுனு நிக்காத, வண்டில ஏறு," என்றார் விமலா அக்கா. "எங்க அண்ணன் ஊட்டு மாட்டுக்குப் பாக்கற டாக்டரு ரெட்டியார்பாளையத்துல இருக்கறாரு. நானும் வர்றேன், எனக்கு ஊடு தெரியும்."

7.30க்கெல்லாம் அந்த டாக்டர் வீட்டு வாசலில் நின்றோம். லுங்கியோடு வெளியே வந்தார். ஊசி ஒன்று போட்டார். எழிலிடம் பழைய அளவைக் கேட்டுக்கொண்டு சீட்டு எழுதினார். "ஒரு வேளை விட்டதுக்கு ரெண்டா சேத்துக் குடுத்துடாதீங்க. இனிமே நேரப்படி குடுத்தாப் போதும்," என்றார். ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன், இருநூறு போதும் என்று மீதியைத் திருப்பிவிட்டார். சீக்கிரம் திறக்கிற மருந்துக் கடை வேண்டுமென்றால் கோரிமேட்டுக்குப் போங்கள், பெரிய ஆஸ்பத்திரி பக்கம் எல்லாம் திறந்திருக்கும் என்று வழியும் சொன்னார்.

கோரிமேட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் மருந்துக் கடை வரை நின்றது. கையில் கோப்பு, ஸ்கேன் உறை, சாப்பாட்டுப் பை. என் முறை வந்ததும் கடைக்காரர் சீட்டைச் சத்தமாகப் படித்தார்.

"பேஷண்டு பேரு பூந்தி. வயசு ஏழு. கொழந்தயா சார்?"

"நாய்ங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை நோயாளிகளுக்கு நடுவில் நாய்க்கு மருந்து வாங்க நிற்கிறோமே என்று. ஆனால் எனக்கு அடுத்து நின்ற ஒரு அம்மா எட்டி அந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார்.

"எம் பொண்ணும் இதான் சாப்புடுது. பதினோரு வருசமா. நாயிக்கும் வருமா இது?"

"வருதும்மா. இன்னைக்குக் காலைல வந்துடுச்சு."

"ஐயோ, பாவம். வெறும் வயித்துல குடுக்காதப்பா. எதுனா சோறு வச்சிக் குடு. குடுத்துட்டு தூங்க உடு," என்று சொன்னவர், கடைக்காரரைப் பார்த்து, "அவருக்கு மொதல்ல குடுத்து அனுப்பு, நான் நிக்கறேன்," என்றார்.

8.50க்கு, காரிலேயே, விமலா அக்கா தூக்கில் கொண்டுவந்திருந்த இட்லியில் மாத்திரையைப் பொதித்துக் கொடுத்தோம். பூந்தி சாப்பிட்டது. அன்று முழுக்கத் தூங்கியது. நாங்கள் எங்கும் போகவில்லை. வெள்ளைக்காரத் தெருவில் இரவுச் சாப்பாட்டுக்கு இடம் சொல்லி வைத்திருந்ததை ரத்து செய்தோம். விமலா அக்கா கொடுத்தனுப்பிய வஞ்சிரம் வறுவலை மாடிப்படியில் உட்கார்ந்து தின்றோம். எழில் இரண்டு வார்த்தை பேசினாள். ஒன்று "உப்பு", இன்னொன்று "போதும்".

சனிக்கிழமை ஊர் பார்த்தோம். காலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலை. 7.30 வரை வண்டி விடமாட்டார்கள், நாயை நடத்த அதைவிட நல்ல இடமில்லை. எட்டு மணிக்கு மேல் கல் தரை சுடும், பாதம் கொப்பளித்துவிடும். உணவகங்களில் முற்றமோ தோட்டமோ இருக்கிற இடமாகப் பார்த்துக் கேளுங்கள், பகல் 11க்கு முன் கேட்டால் பெரும்பாலும் சரி என்கிறார்கள். விடுதிக்குப் போன் செய்யும்போதே நாயின் வயது, நோய், இனம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். போய் நின்று கெஞ்சுவதைவிட அது மேல். மருந்தை இரண்டு பங்காக்கி இரண்டு பையில் வையுங்கள். டாக்டர் சீட்டைப் போனில் படமெடுத்து இருவரும் வைத்திருங்கள். எதையாவது மறந்துவிட்டால், அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். தம்பதிகளுக்கு என்னிடம் இருக்கிற ஒரே அறிவுரை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் செஞ்சி அருகே டீ குடிக்க நிறுத்தினோம். எழில் கிளாஸைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"பூந்திக்கு வலிப்பு வந்தா, மொத தடவ பாக்கற எல்லாரும் ரெண்டு அடி பின்னால போயிடுவாங்க. எங்க அப்பாவே போயிட்டார். உங்களுக்கு முன்னாடி பேசின ஒரு எடம் அதப் பாத்துட்டுத்தான் வேணாம்னு போச்சு. நீங்க எப்படி அவ்வளவு தைரியமா பக்கத்துலயே உக்காந்தீங்க?"

நல்ல பெயர் வாங்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. இரண்டு நொடி யோசித்தேன்.

"தைரியம்லாம் இல்ல. கால் ரெண்டும் நடுங்கிச்சு. நிக்க முடியல, அதான் உக்காந்துட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு டீ மாஸ்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. கிளாஸை வைத்துவிட்டு கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. நான் ஓட்டறேன். நீங்க பின்னால போயி அதுகூட உக்காருங்க."

பின்கதவைத் திறந்தேன். பூந்தி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.