வெயிலுக்கு இறக்கிய காற்று

என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். "இறுக்கிக் கட்டுனாத்தேன் வெடி, தளர விட்டா புஸ்ஸு" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். வெடிமருந்து விஷயத்தில் அது சரிதான். அந்தப் புத்தியைக் கார் டயருக்கும் கொண்டுவந்தாரே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவர் மட்டுமில்லை, சித்திரை வெயில் தொடங்கினால் எங்கள் தெருவில் பாதிப்பேர் செய்கிற வேலைதான். வால்வில் ஆணியை வைத்து அழுத்திக் காற்றை இறக்கிவிடுவார்கள். வெயிலில் காற்று பெருத்து டயர் வெடித்துவிடுமாம். வெடித்தால் என்ன ஆகும் என்று பார்த்த ஊர் இல்லையா, பயம் எதிலெல்லாம் போய் ஒட்டிக்கொள்கிறது!

அந்த செகண்ட் ஹேண்ட் காரை ஓட்டிக்கொண்டிருந்தவள் என் மகள். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் வேலை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் எவ்வளவு காற்று வேண்டும் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து, காலையில் டயர் சூடாகும் முன்பே போய்க் காற்றுப் பிடித்து வருவாள். பிள்ளை உண்டானதும் வண்டி அவள் அப்பா கைக்குப் போனது. அதற்கப்புறம்தான் ஸ்டீரிங்குக்குப் பின்னால் அந்த மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. பிளந்த சட்டிக்குள் ஆச்சரியக்குறி போட்ட மாதிரி இருக்கும்.

"அப்பா, காத்து கொறைஞ்சா எரியிற வெளக்குப்பா அது. காத்து பிடிச்சிட்டு வாங்க," என்றாள்.

"வெயிலுக்கு நாந்தேன் எறக்கி விட்டேன் தாயி. வெளக்குக்கு என்ன தெரியும்?"

பார்க்கும்போதெல்லாம் சொன்னாள். நானும் சண்டை போட்டேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரை என்ன செய்ய?

மகளுக்கு வலி வந்த அன்று மருமகன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். சிவகாசி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மத்தியானம் டாக்டர் வந்து, குழந்தையின் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஆம்புலன்ஸ் கேட்டோம். எல்லாம் தாயில்பட்டிப் பக்கம் போய்விட்டன என்றார்கள். எதற்கு என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை; ஏதாவது ஒரு கம்பெனியில் வெடித்திருக்கும். என் வீட்டுக்காரரே காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பின்சீட்டில் மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பும்போதே மஞ்சள் விளக்கு எரிந்தது.

"ஏங்க, ஒரு நிமிசம் காத்து பிடிச்சிட்டுப் போயிருவோமே."

"சும்மா கெட. புள்ள உசுருக்குப் போராடுது, இவ காத்து பிடிக்கச் சொல்லுதா!"

மிதித்தார். ரோடு கொதித்தது. ஆமத்தூர் தாண்டியதும் பின்பக்கம் படாரென்று ஒரு சத்தம். வண்டி இழுத்துக்கொண்டு போய் ஓரத்து மண்ணில் நின்றது. இறங்கிப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டுப் பகுதி கந்தலாகக் கிழிந்து தொங்கியது. கிட்டப் போக முடியவில்லை, ரப்பர் கருகிய நாற்றம். காற்று குறைந்த டயர் நசுங்கி நசுங்கி ஓடி, உள்ளுக்குள்ளேயே வெந்து கிழியுமாம். நிறைந்த டயர் வெடிக்கும் என்று பயந்து, காலி டயரை வெடிக்க வைத்திருக்கிறார் மனுஷன்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை உருட்டி வந்தார். மாட்டி ஜாக்கியை இறக்கினார். வண்டி அப்படியே தரையோடு உட்கார்ந்தது. ஸ்டெப்னி அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

"இதுலயும் எறக்கி விட்டீகளா?"

"டிக்கிக்குள்ள சூடு அதிகம்ல..." என்றார்.

நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தேன். கார்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. உள்ளே மகள், "அம்மா, புள்ள அசைய மாட்டேங்குதும்மா," என்றாள். எந்தச் சாமியையும் விடாமல் கூப்பிட்டேன். கூப்பிட்ட வாயாலேயே திட்டவும் செய்தேன். கடைசியில் அட்டைப்பெட்டி லோடு ஏற்றிய வேன் ஒன்று நின்றது. டிரைவர் அண்ணன் கட்டுகளைத் தள்ளிவிட்டு இடம் செய்தார்.

மகளைக் காப்பாற்றிவிட்டார்கள். பேரன் அழவேயில்லை. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று டாக்டரம்மா தொடங்கி, என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மகளை வீட்டுக்கு அழைத்துவரும் நாளில் வண்டியில் புது டயர் இருந்தது. கதவோரத்தில் எழுதியபடி எல்லாவற்றிலும் காற்றுப் பிடித்திருந்தார். அவள் முன்சீட்டில் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தாள். வண்டி விருதுநகரைத் தாண்டியது.

"காத்தெல்லாம் சரியா இருக்கு தாயி," என்றார் அவர். "பாரு, வெளக்கு எரியல."

அவள் எட்டிப் பார்த்தாள்.

"எரிஞ்சப்பல்லாம் சொன்னேனேப்பா."

ஆமத்தூர் வருவதற்குள் அவர் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அத்தனை நாளும் அவரைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். பின்சீட்டிலிருந்து எட்டி அவர் முதுகில் கையை வைத்தேன்.