சுருள மறுத்த முன்பாய்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். மடியில் ஒரு மரப்பெட்டி. தூத்துக்குடிக்கு டிக்கெட் ஐந்தரை ரூபாய், அதில் குழப்பமில்லை. பெட்டிக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்பதில்தான் கண்டக்டருக்குக் குழப்பம். திறந்து காட்டச் சொன்னார். உள்ளே நூல்கண்டு வடிவத்தில் ஓர் அலுமினிய உருளை, தனியே சுழலும் ஒரு வளையம், ஒரு சுருள் கயிறு.

"என்ன சார் இது, கிணத்துக் கப்பியா?"

"இல்லை, படகுக்கு."

"கடல்ல போற படகுக்கு மதுரையிலருந்தா சாமான் போகுது?"

பெட்டியை மூடினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே லக்கேஜ் போடாமல் நகர்ந்துவிட்டார்.

அருப்புக்கோட்டை, எட்டயபுரம் என்று நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகும் சாலை அது. கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டே போகலாம். எனக்கு அன்று பெட்டிதான் யோசனை. அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா எஸ்தரின் கணவர் ஞானராஜ் அத்தான் தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் இன்ஜினீயர். புதுத் துறைமுக வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் பதினாறடிப் பாய்ப்படகை இவருக்கு விட்டுப் போனார். இரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகும் படகு. ஞாயிறு தவறினாலும் தவறும், அத்தான் கடலுக்குப் போவது தவறாது. போன வருஷம் வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்து வலது தோள் ஒடிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை காதுக்கு மேல் எழும்பவில்லை. படகின் முன்பாயை இறக்க வேண்டுமென்றால் ஆடுகிற படகில் முனைக்குப் போய் இரண்டு கையையும் தூக்கித்தான் ஆக வேண்டும். தைப்பொங்கல் சமயத்தில் அப்படித் தூக்கப்போய்க் கடலில் விழுந்தார். அக்கா கரையில் நின்று அதைப் பார்த்தாள்.

அதன்பிறகு வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. பின்னால் உட்கார்ந்தபடியே ஒரு கயிற்றை இழுத்தால் முன்பாய் தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளும் சாதனம் ஒன்று உண்டாம். அந்த வெளிநாட்டுக்காரரே அதை, அத்தான் கொடுத்த என் மதுரை விலாசத்துக்கு அனுப்பிவைத்தார். மாசி கடைசி ஞாயிறு, அதாவது மறுநாள் மாலைக்குள் அதைப் பூட்டி, பாய் சுருண்டுவிட்டால் படகு இருக்கும். சுருளாவிட்டால் படகுக்கு விலை பேசியிருக்கும் திருநெல்வேலி டாக்டர் ஒருவர் திங்கட்கிழமை வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். போதகர் ஐயா முன்னிலையில் அக்கா வாங்கிய வாக்கு இது. பெட்டியைச் சுமக்கிறவன் நான். அக்காவுக்குத் தம்பியும் நான். பாய் சுருள வேண்டுமென்று ஜெபிப்பதா, சுருளக்கூடாதென்று ஜெபிப்பதா என்று குறுக்குச்சாலை நிறுத்தத்தில் டீ குடிக்கும்வரை எனக்கு முடிவாகவில்லை. குடித்த பிறகும் முடிவாகவில்லை.

பத்தரை மணிக்கு வீடு சேர்ந்தேன். அக்கா பெட்டியைப் பார்த்தாள்.

"ஏலே, அத பஸ்ஸிலயே மறந்து வச்சுட்டு வரக்கூடாதா?"

சொல்லிவிட்டு நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். கோபமா விளையாட்டா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாப்பிட்டதும் அத்தானும் நானும் பழைய துறைமுகத்துக்குத் தெற்கே மணல்கரைக்குப் படகை இழுத்துப் போனோம். கரையில் சங்கு குளிக்கிறவர்களின் வள்ளங்கள் ஏறிக் கிடந்தன. இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஆகின்றன, இப்போது சங்குதான். மிக்கேல் அண்ணாச்சி எங்களுக்காகக் காத்திருந்தார். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளுக்குப் பாய்மரமும் கயிறும் கட்டுகிறவர். அவர் உருளையை ஒரு சுற்றுச் சுற்றிக் காதில் வைத்துக் கேட்டார்.

"நல்லா ஓடுது. எதுக்குன்னுதான் புரியல."

அத்தான் விளக்கினார். முன்பாயின் அடிமுனையில் உருளை, தலைமுனையில் வளையம். கயிற்றை இழுத்தால் உருளை சுற்றும். அதோடு பாயும் சுற்றி, கோரைப்பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தியதுபோல் ஆகிவிடும். அண்ணாச்சி தலையாட்டினார். நானும் ஆட்டினேன். இரண்டு பேரில் யாருக்கு எவ்வளவு புரிந்தது என்று கேட்க அத்தானுக்குப் பொறுமையில்லை.

பாய்மரத்தை மணலில் கிடத்தி வேலை தொடங்கியது. அத்தான் கீழே உருளையைப் பூட்ட, அண்ணாச்சி மேல்முனையைப் பார்த்துக்கொண்டார். நடுவில் பாயைப் பிடித்துக்கொண்டு நான். பிறகு எல்லாரும் சேர்ந்து மரத்தைத் தூக்கி நிறுத்தி, படகை முழங்கால் தண்ணீரில் இறக்கினோம். பாய் அழகாக விரிந்தது. அத்தான் கயிற்றை இழுத்தார். உருளை இரண்டு சுற்று, மூன்று சுற்றுச் சுற்றியது; பாயின் அடிப்பாகம் பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டு நின்றது. மேல்பாகம் மட்டும் எங்களைப் பார்த்துப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

கயிற்றைத் தலைகீழாகச் சுற்றியிருப்போமோ என்று எதிர்ப்பக்கம் சுற்றிப் பார்த்தோம். பாய் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டது. உருளைக்குத் தேங்காய் எண்ணெய் விட்டோம். பழைய பாய், விறைத்துப்போயிருக்கும் என்று கடல்தண்ணீர் ஊற்றி நனைத்தோம். இருட்டியபோது பாயும் நாங்களும் நனைந்திருந்தோம்; சுருண்டது நாங்கள் மட்டும்தான்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் மறுபடி கரைக்குப் போனோம். இந்த முறை சங்கு குளிக்கிறவர்களும் கூடிவிட்டார்கள். ஒருவர் உருளை சிறிது என்றார். ஒருவர் பாய் பெரிது என்றார். ஒருவர் படகே வேண்டாம், வள்ளம் வாங்குங்கள் என்றார். ஒவ்வொருவர் சொல்வதும் அந்த நேரத்துக்குச் சரியாகவே பட்டது. எல்லாரும் உருளையைச் சுற்றிக் குனிந்து நின்றோம். அக்கா சாப்பாட்டுக் கேரியரோடு தூரத்தில் மணலில் உட்கார்ந்திருந்தாள். படகைத் தொடுவதில்லை என்பது அவள் வைராக்கியம். தண்ணீர்ப் பக்கமே வரவில்லை.

பிற்பகல் கடல்காற்று ஏறியது. அத்தான் கயிற்றைக் கீழே போட்டார்.

"சரி மாப்ள, போதும். டாக்டரு கொண்டு போட்டும்."

அந்த நிமிஷத்தில்தான் பாய் சுருள வேண்டுமென்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை வந்தாள்.

"அண்ணாச்சி, மேல ஒரு ஓல கெட்டியிருக்கே, அது என்ன?"

"குருத்தோலம்மா. போன குருத்தோல ஞாயித்துக்குக் கோயில்ல மந்திரிச்சது. மரத்துல புதுசா எது ஏறுனாலும் அதோட சேத்து ஒரு துண்டு கெட்டிருவோம். எங்க வழக்கம்."

"கீழ உருள சுத்துது. பாயும் பாதி சுத்துது. அந்த ஓல மட்டும் காலையிலருந்து கெழக்க பாத்தே நிக்கி. அதும் சுத்தாண்டாமா?"

எல்லாரும் அண்ணாந்து பாயின் தலைமுனையைப் பார்த்தோம். இரண்டு நாளில் முதல் தடவையாக.

"அது சுத்தப்படாதுன்னுதானம்மா கெட்டுனேன்" என்றார் மிக்கேல் அண்ணாச்சி. "அந்த வளையம் கெடந்து ஆடுச்சு. மேல ஆடுதது எதயும் தோணியில விட மாட்டோம். நடுக்கடல்ல அந்து விழுந்தா யாரு ஏற? அதான் ஓலயோட சேத்து, பக்கத்துல மரத்தத் தாங்குத கம்பியில தார்நூல் போட்டு இறுக்கிட்டேன்."

அத்தான் அவரையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "மேல என்ன செஞ்சியன்னு நான் ஒரு வார்த்த கேக்கலியே அண்ணாச்சி."

"நீங்களும் அது சுத்தணும்னு சொல்லலியே."

மரத்தைச் சாய்த்துத் தார்நூலை அறுத்தார்கள். அண்ணாச்சி ஓலையைப் பத்திரமாக எடுத்து, எதுவும் சுழலாத மர உச்சியில் கட்டினார். அதைக் கட்டாமல் விட அவரும் சம்மதிக்கவில்லை, வேண்டாமென்று அத்தானும் சொல்லவில்லை. மறுபடி நிறுத்தி அத்தான் கயிற்றை இழுத்தார். பாய் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு, ஒல்லியான கம்பாக நின்றது. ஒடிந்த தோளின் கையை இடுப்புக்கு மேல் உயர்த்த வேண்டியே இருக்கவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் கை தட்டினார்கள்.

நான் அக்காவிடம் போனேன்.

"காலையிலருந்தே பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா நாளைக்குப் படகு போயிருக்குமே?"

"சொல்லப்படாதுன்னுதான் உக்காந்திருந்தேன்" என்றாள். "டாக்டரு கொண்டு போட்டும்னு சொல்லும்போது அந்த வராத கையால படகத் தடவிக்கிட்டே சொல்லுதாரு. என்ன செய்யச் சொல்லுத?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் கோபம்தான் இருந்தது. கேரியரை என் கையில் திணித்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தாள்.

"நீ எங்க வார?" என்றார் அத்தான், பயந்துபோய்.

"கயிறு எங்கையில இருக்கட்டும். எப்ப சுருட்டணும்னு நான் பாத்துக்கிடுதேன். நீங்க படக ஓட்டுங்க."

அத்தான் கயிற்றை நீட்டினார்.

எனக்கு ஆறு மணிக்குத் திரும்பும் பஸ். மதுரையில் காற்று என்றால் எனக்கு மின்விசிறிதான். சுவிட்சைத் தட்டினால் வரும், தட்டினால் போகும், அதில் யோசிக்க எதுவுமில்லை. காலிப் பெட்டியும் கேரியருமாகக் கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். படகு அலை தாண்டிப் போயிருந்தது. முன்பாய் விரிந்தது. உடனே சுருண்டது. மறுபடி விரிந்து, மறுபடி சுருண்டது. காற்று என்னவோ ஒரே சீராகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா பயந்துபோய்ச் சுருட்டுகிறாளா, விளையாடுகிறாளா என்று கரையிலிருந்து எனக்குப் புரியவில்லை.