முகர்ந்து பார்த்த தண்ணீர்

"புக்குல போட்டுகிறத நம்பி கலெக்டர் ஆபீசுக்குப் பொறப்பட்டவ இந்தத் திருவண்ணாமலையிலயே நீ ஒருத்திதான்டி" என்றார் மாமா. சொல்லிவிட்டு, ஆட்டோவின் பின் சீட்டைத் துண்டால் தட்டி என்னையும் அம்மாவையும் ஏறச் சொன்னதும் அவர்தான். நம்பிக்கை இல்லாத காரியங்களுக்கும் அவருடைய ஆட்டோ வரும்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அந்த வகுப்பை எட்டிய முதல் ஆள் நான்தான். கால்வாய் ஓரம் இருந்த எங்கள் தெருவில் வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அம்மா லாட்ஜில் பெட்ஷீட் துவைத்துவிட்டு வந்து, நோட்டீஸ் ஒட்டிய சுவருக்கு முதுகைக் காட்டியபடி வாசல் அடுப்பில் சோறு ஆக்குவாள். அவளுக்கு அதைப் படித்துக் காட்டியது நான். தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்தேன் என்று அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து வகுப்பில் குடிமக்களின் உரிமைகள் பாடம் வந்தது. சமூக அறிவியல் டீச்சர் நல்லவர். பாடத்தை ஒப்பிக்கச் சொல்லமாட்டார். "கலெக்டரை யார் வேணும்னாலும் போய்ப் பாக்கலாம். திங்கட்கிழமை மனு வாங்குவாங்க. நாம கேட்டாத்தான் அரசாங்கத்துக்குத் தெரியும்" என்று சொல்லி, ஆளுக்கொரு மனு எழுதிவரச் சொன்னார். பிள்ளைகள் ஃபேன் சுற்றவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றெல்லாம் எழுதினார்கள். நான் எங்கள் வீட்டைப் பற்றி எழுதினேன். டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். பத்துக்குப் பத்து போட்டு, சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வேறு தாளில் எழுதிக்கொண்டு போகலாமே என்று மாமா சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. டீச்சரே முழு மார்க் போட்ட மனுவை எந்த அதிகாரி தள்ளிவைக்க முடியும்? அந்தத் தாளையே மடிக்காமல் அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டேன்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரர்கள் நின்று எல்லோருடைய பைகளையும் திறந்து பார்த்தார்கள். எங்கள் முறை வந்ததும் ஒரு போலீஸ் அக்கா என் ஸ்கூல் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, விரலால் தேய்த்தும் பார்த்தார்.

"எங்க வீட்டுத் தண்ணி நல்லாத்தான்க்கா இருக்கும். குடிச்சிப் பாருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "போம்மா" என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா என் கையைப் பிடித்தாள். வலிக்கும்படி பிடித்தாள்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. வெயில் ஏறியது. பாட்டிலை நீட்டியபோதெல்லாம் அம்மா "தாகமா இல்ல, நீ குடி" என்றாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "பாப்பா, ஸ்கூலுக்குப் போவாம இங்க இன்னா பண்ற?" என்றார். "ஸ்கூல்லதான் தாத்தா வரச் சொன்னாங்க" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தாளை வாங்கினார். சிவப்பு மையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "யாரும்மா எழுதினது? நீயா? கையெழுத்து முத்து முத்தா இருக்கே! நல்லாப் படிக்கணும், என்ன?" என்றார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் "வீடு நம்மளுதுதாம்மா" என்றேன். மாமா ஆட்டோவை முடுக்கினார்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் என்னை எழுப்பி, போய்வந்த கதையைச் சொல்லச் சொன்னார். அதிகாரி பாராட்டியதைச் சொன்னேன். பிறகு, எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயத்தையும் சொன்னேன்: "டீச்சர், அங்க நம்ம குடிக்கிற தண்ணி நல்ல தண்ணியானுகூட மோந்து பாத்துத்தான் உள்ள விடுறாங்க. அவ்ளோ அக்கறை!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் கையிலிருந்த சாக்பீசை மேசையில் வைத்தார். பிறகு, "உக்காரும்மா" என்று சொல்லி, பாதியில் நின்ற பாடத்தை விட்டுவிட்டு அடுத்த பாடத்தைத் தொடங்கினார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பாராட்டுவார் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் மனு, நோட்டீஸ் ஒட்டிய ஆபீசுக்கே போய்ச் சேர்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். அரைப் பரீட்சைக்கு முன்பே ஜேசிபி வந்தது. அம்மா முதலில் எடுத்து வெளியே வைத்தது என் புத்தகப் பையை. மாற்று இடம் தருவதாகச் சொன்னார்கள். வேங்கிக்காலில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தோம். இன்றும் வாடகை வீடுதான்.

கல்லூரியில் படித்தபோது, வேறு ஏதோ ஊரில் மனு கொடுக்க வந்த ஒருவர் மண்ணெண்ணெயைத் தன்மேல் ஊற்றிக்கொண்டார் என்று பேப்பரில் படித்தேன். பாட்டிலருகே குனிந்த அந்த மூக்கு அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கையை ஏன் அம்மா அப்படிப் பிடித்தாள், அந்தத் தண்ணீரை ஏன் அவள் கடைசிவரை தொடவில்லை என்பதும்.

இப்போது நானும் சமூக அறிவியல் டீச்சர். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. போன மாதம் அதே பாடம் வந்தது. யார் வேண்டுமானாலும் போய் மனு கொடுக்கலாம் என்று நானும் சொன்னேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் கேட்டாள்.

"நீங்க குடுத்துகிறீங்களா டீச்சர்?"

"குடுத்திருக்கேன்."

"கேட்டது கெடச்சிதா?"

"இன்னும் இல்ல."

அவள் உட்காரவில்லை. "அப்பறம் எதுக்கு டீச்சர் இந்தப் பாடம்?" என்றாள். மணி அடித்தது.

சென்ற திங்கட்கிழமை லீவு போட்டேன். மாற்று இடம் கேட்டு அம்மா பெயரில் ஒரு மனு எழுதிக்கொண்டு, அதே வாசலில் போய் நின்றேன். என் முறை வந்தது. போலீஸ்காரப் பெண் கை நீட்டினாள். என்னைவிடச் சின்னவள். அவள் கேட்பதற்கு முன்பே தண்ணீர் பாட்டிலை எடுத்து, நானே மூடியைத் திறந்து, அவள் மூக்கருகே நீட்டினேன்.