ரூபன் சாப்பிட வரும் ஞாயிறு

புந்தோங்கில் வசிக்கும் ஜோன், சிலிபினில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். ஞாயிறு பூசை முடிந்ததும் கணவர் டொமினிக்கின் தம்பி ரூபன் சாப்பிட வருவான். அவள்தான் பரிமாற வேண்டியிருந்தது.

கல்யாணமான புதிதில், மாமியார் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில், ரூபன் கொடுத்த ரோஜா சிராப்பை அவள் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் கால்கள் துவண்டன. பேச நாக்கு எழவில்லை. "அண்ணிக்கு மயக்கம்" என்று சொல்லி அவனே அறைக்குள் கொண்டுபோய்க் கதவைத் தாழிட்டான். மாமியார் வந்து தட்டியதால் தப்பினாள். தெளிந்ததும் மாமியார் சொன்னார்: "டொமினிக்குக்குத் தெரிஞ்சா வெட்டுக்குத்து ஆயிடும். வாய மூடிக்கிட்டு இரு."

மூடிக்கொண்டாள்.

சென்ற ஆண்டு மகள் கார்மெனுக்குப் பதினேழு வயது. சற்றுத் தொலைவில் உள்ள காம்பாரில் தோழி ஷாமினியின் வீட்டில் விருந்து. சாப்பாட்டு மேசையில் அதைக் கேட்ட ரூபன், "நானே கார்ல ஏத்திக்கிட்டுப் போறேன் லா" என்றான்.

"நல்லதாப் போச்சு" என்றார் டொமினிக்.

ஜோன் மகளைச் சமையலறைக்கு அழைத்தாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் எல்லாவற்றையும் சொன்னாள்.

கார்மென் அழவில்லை. "எப்படிமா அவருக்குச் சோறு போட்டீங்க?"

ஜோன் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள். "அங்க திறந்து வச்சது எதையும் வாங்காத. நீயே திறந்து குடி. கிளாஸ வச்சிட்டு எங்கயாச்சும் போனா, திரும்ப அதத் தொடாத. தலை சுத்துனா ஷாமினி கையப் புடிச்சுக்க, வேற யாரு கூடயும் ரூமுக்குள்ள போகாத."

"தெரிஞ்சவங்க கூடவுமா?"

"தெரிஞ்சவங்கதான் லா. உடனே எனக்குப் போன் பண்ணு. நீ என்ன குடிச்சிருந்தாலும் ஏச மாட்டேன்."

கார்மென் ரூபனின் காரில் ஏறாமல் பஸ்ஸில் போய், பத்திரமாகத் திரும்பினாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்லுங்க" என்று விடாமல் நின்றாள். ஜோன் சொன்னாள். டொமினிக் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இப்ப சொல்லி என்ன ஆகப் போவுது? அம்மாவுக்கு வேற உடம்பு முடியல."

அடுத்த ஞாயிறு ரூபன் வந்தான். டொமினிக் அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மா, வாங்க, வெளிய சாப்பிடலாம்" என்றாள் கார்மென். ஜோன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளோடு நடந்தாள். கடையில் இருவரும் ரொட்டி சானாய் வாங்கிச் சாப்பிட்டார்கள். மாலையில் அந்த வீட்டுக்கேதான் திரும்பியாக வேண்டும்.

திரும்பியபோது ரூபன் போயிருந்தான். டொமினிக் தொலைக்காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. எச்சில் தட்டுகள் மேசையில் காய்ந்து கிடந்தன. ஜோன் அவற்றைத் தொடவில்லை.