இரண்டாவது ஆடி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆனி மாதக் கடைசியில், ஆம்பூரில் நடந்தது இது. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஒரு தோல் கம்பெனியில், தோலை இழுத்துக் கட்டிக் காய வைக்கும் அறையில் வேலை. உள்ளே போனாலே அனல் அடிக்கும். இயல்பிலேயே நான் ரொம்பப் பயந்தவன். தும்மல் வந்தால்கூட அது எதில் கொண்டு போய் விடுமோ என்று யோசிப்பேன்.

எனக்குத் திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாம்பத்தியத்தில் என்னால் முடியாமல் போனது. மனதில் ஆசை இருந்தது, உடம்பு கேட்கவில்லை. ஒரு தடவை அப்படி ஆனதும், அடுத்த தடவையும் ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே மறுபடியும் ஆனது. மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. ஓவர்டைம் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் டி.வி. முன்னாலேயே தூங்கிவிட்டதுபோல் படுத்துக்கொள்வேன்.

கம்பெனியில் கூட வேலை செய்யும் பாய் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு இப்படி ஒரு பிரச்சினை என்று அவரிடம் சொன்னேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"உனக்குத் தெரிஞ்ச ஆளு இந்த ரூம்லதான் வேலை செய்யறாரா?"

"ஆமா பாய்."

"அப்ப சூடுதான் தோஸ்த். இந்த அனல்ல நின்னா எருமைகூட வத்திப் போய்டும். அந்த ஆளை நல்லா சர்பத், கரும்பு ஜூஸ்னு குடிக்கச் சொல்லு. பேஜார் ஆவாதன்னும் சொல்லு, பாவம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் தினமும் குடித்தேன். அது போதாதென்று லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போய், நரம்புத் தளர்ச்சி என்று அவர் கொடுத்த லேகியத்தையும் வாங்கிவந்து, அரிசி டிரம்முக்குப் பின்னால் மறைத்து வைத்துச் சாப்பிட்டேன். வாயில் வைத்தால் வெல்லப்பாகு மாதிரி இருந்தது. தாகம் தீரவே இல்லை. அடிக்கடி சிறுநீர் வந்தது. உடம்புச் சூடு வெளியே போகிறது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ஆடி நெருங்கியது. எங்கள் பக்கம் கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவார்கள். போன வருடம் அவள் நெமிலியில் அம்மா வீட்டுக்குப் போய் வந்துவிட்டாள். இந்த வருடம் நானாகவே, "ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வாயேன்" என்றேன். ஒரு மாதம் தப்பிக்கலாம் என்ற எண்ணம்தான்.

அவள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "ரெண்டாவது ஆடிக்கு யாருங்க அனுப்பறாங்க?" என்றாள். ராத்திரியே பையை எடுத்து வைத்தாள். ஒரு மாதத்துக்கு எடுத்துப்போகிற துணியா அது? கல்யாணப் புடவை முதற்கொண்டு பையில் அடுக்கினாள். திரும்பி வருவாளா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் போக வேண்டாம் என்று தடுக்கவில்லை.

கிளம்புகிற அன்று செருப்பு மாட்டும்போது என் காலைப் பார்த்தாள். ஆணி கீறிய புண், வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தது. "இத ஆஸ்பத்திரில காட்டிட்டு, அப்புறம் என்னை பஸ் ஏத்துங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் பையோடு அவள் வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஒரு பெண் டாக்டர். என்னைவிடச் சின்ன வயதுதான் இருக்கும். புண்ணைப் பார்த்துவிட்டு விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்டுக்காரம்மாவோட சேர்ந்திருக்கறதுல ஏதாவது கஷ்டம் இருக்காண்ணா? சுகர் இருக்கற ஆம்பளைங்க நிறைய பேருக்கு வரும். யாரும் தானா சொல்ல மாட்டாங்க. அதான் நானே கேட்டுடறது."

தலைவலி இருக்கிறதா என்பதுபோல் அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். நான் குனிந்தபடி தலையை மட்டும் ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சர்க்கரை ரத்தக் குழாயையும் நரம்பையும் பாதிப்பதால் இப்படி ஆகும், பயமும் சேர்ந்தால் இன்னும் ஜாஸ்தியாகும், இரண்டுக்கும் வைத்தியம் உண்டு என்றார். சர்பத், லேகியம் பற்றியும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னையோட நிறுத்திடுங்க. முதல்ல வீட்ல சொல்லுங்க" என்றார்.

வீட்டில் சொல்வதா! பஸ் ஸ்டாண்டு வரை யோசித்துக்கொண்டே வந்தேன். நெமிலிக்கு வாலாஜாபேட்டையில் இறங்கி மாற வேண்டும்; அந்த பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறுவதற்கு முன், அவ்வளவு கோபத்திலும் அவள் கரும்பு ஜூஸ் கடைக்குப் போய், "ஐஸ் கம்மியா ஒண்ணு" என்று எனக்காகக் கேட்டாள்.

"வேணாம். குடிக்கக் கூடாது. எனக்கு சுகராம்" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "வேற இன்னா சொன்னாங்க?"

கரும்பு மிஷின் சலங்கைச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மிஷின் நின்றது. பிறகு மெதுவாக, "அப்ப, என்னைப் புடிக்காம இல்லயா?" என்றாள்.

இத்தனை மாதமும் அவள் அதையே நினைத்து வெந்துகொண்டிருந்திருக்கிறாள். என் பயத்துக்குள் மூழ்கியிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

பஸ் ஹாரன் அடித்தது. நான் பையை எடுக்கப் போனேன். "வுடுங்க, நான் தூக்கிக்கறேன். புண்ணு காலோட இன்னா தூக்கறது? ஒரு ஆட்டோ கூப்புடுங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

லேகிய டப்பாவை அவளே குப்பையில் போட்டாள். மாத்திரை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, புண் ஆறியபின் காலையில் நடை என்று சில மாதங்களில் சர்க்கரை அடங்கியது. மற்றதற்கும் டாக்டர் இதயம், பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டே மருந்து கொடுத்தார். ஒரே நாளில் சரியாகவில்லை, ஆனால் சரியானது. பாயிடமும் எனக்குத்தான் பிரச்சினை என்று சொன்னேன். "தெரியாதா தோஸ்த்!" என்று தோளில் தட்டியவர், அந்த வாரமே போய்த் தன் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டார்.

அந்த டாக்டர் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், தன்னைப் பிடிக்கவில்லை என்ற நினைப்போடேயே அவள் ஏறிப் போயிருப்பாளே என்று, வாலாஜாபேட்டை பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் பயம் வருகிறது.