அடியில் துணி வைத்த எழுத்து

பல்லடம் ரோட்டில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே பேக்கரியில் பனியன் கம்பெனிக்காரர்கள் டீ நேரத்துக்குக் குவிந்திருக்கிறார்கள். பக்கத்தில் டீ குடிக்கும் அக்காவின் அடையாள அட்டை உறைக்குள் நகத்தளவு வெள்ளை லேபிள் ஒன்று இருக்கிறது. அதில் சில ஜப்பானிய எழுத்துகள். என்னவென்று கேட்கிறேன்.

“நான் லேபிள் தைக்கறேனுங்க. இந்தக் கடைசி எழுத்தை ‘ஸே’ன்னு படிக்கோணும். செஞ்சதுன்னு அர்த்தம். முழுசும் சேர்த்துப் படிச்சா இந்தியாவுல செஞ்சதுங்க.”

முதல் ஜப்பான் ஆர்டரில் எது தலை, எது கால் என்று யாருக்கும் தெரியாமல் ஒரு நாள் முழுக்க லேபிளைத் தலைகீழாகத் தைத்துவிட்டார்களாம். அத்தனையையும் பிரித்துத் தைத்த பிறகு, சரக்கைப் பார்க்க வந்த ஜப்பான்காரரிடம் இவரே போய் எது அடி என்று சைகையில் கேட்டிருக்கிறார். அவர் கட்டிங் டேபிளில் சாக்பீஸால் பெரிதாக எழுதி, கீழ்ப்பாதியைத் தொட்டுத் தன் சட்டையையும், மேல்பாதியைத் தொட்டு மேஜைமேல் இருந்த கத்தரியையும் காட்டினாராம்.

“அடியில இருக்கறது துணிங்க. மேல வெட்டறது. அன்னைக்கிருந்து ஒரு பீஸ்கூடத் திரும்பி வரலீங்க.”

“துணிக்கு மட்டும்தான் இந்த எழுத்தா?”

அவர் என் கையிலிருக்கும் பிளாஸ்க்கைக் கேட்டு வாங்குகிறார். ஜப்பானில் வேலை பார்க்கும் அண்ணன் கொடுத்தது. அதைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் விரல் வைக்கிறார். மூன்று வருடமாகக் கையில் வைத்திருந்தும் நான் கவனிக்காத அதே எழுத்து.

“எவர்சில்வர்ல செஞ்சாலும் அவங்க எங்க துணியைப் போட்டுத்தான் எழுதோணுங்க.”